ஜெர்மனில புது சர்ச் ஊழியம்: 14 மாசமாச்சு, அக்கம்பக்கத்துல ஒருத்தரும் வரல, எங்க தப்பு பண்றோம்?

ஜெனி_ஹாலே

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் ஹாலேல நர்ஸா இருக்கேன். நானும் வீட்டுக்காரரும் இங்க ஒரு புது சர்ச்ல சேர்ந்து ஊழியம் பண்றோம். ஆரம்பிச்சது ஒரு ஜெர்மன் தம்பதி, இப்போ பெரியவங்க பதினாறு பேர், பாதிப் பேர் வெளிநாட்டுக்காரங்க, மீதிப் பேரும் மேற்கு ஜெர்மனில இருந்து வந்தவங்க. சுருக்கமா சொன்னா அந்த ஏரியால பொறந்து வளர்ந்தவங்க எங்கள்ல ஒருத்தர்கூட இல்ல. ஏரியா ஹாலே-நொய்ஷ்டாட். 1964ல கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் லொய்னா, பூனா கெமிக்கல் ஃபேக்டரி தொழிலாளிங்களுக்காக கட்ட ஆரம்பிச்ச ஊரு, எங்க பாத்தாலும் கான்கிரீட் பலகை அடுக்குன மாதிரி அபார்ட்மெண்ட் தான், அந்தக் காலத்துல முக்கால்வாசி தெருவுக்கு பேரே கெடையாதாம், பிளாக் நம்பர் மட்டும் தான். இங்க இருக்கறவங்க சுருக்கி ஹா-நொய்ன்னு சொல்வாங்க (வியட்நாம் இல்லீங்க).

மூடிக் கெடந்த ஒரு பூக்கடைய வாடகைக்கு எடுத்து வெச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை ஆராதனை, புதன்கிழமை சாயங்காலம் காபி, மாசத்துல ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு கைவினை. இந்த சனிக்கிழமை விஷயத்துல தான் போன மாசம் ஒண்ணு நடந்துச்சு, அதுல இருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல.

நோட்டீஸ்ல "பிள்ளைங்களுக்கு பெயிண்டிங், இலவச கேக், எல்லாரும் வாங்க"ன்னு மட்டும் போட்டிருந்தோம், சர்ச்னு எங்கயும் போடல, போட்டா வரமாட்டாங்கன்னு எங்க டீம்ல ஒருத்தர் சொன்னாங்க, எல்லாரும் தலையாட்டினோம், நானும் தான். ஏழு பிள்ளைங்க வந்தாங்க, எங்களுக்கு ஒரே சந்தோஷம். பாதில ஒருத்தர் பொம்மைய எடுத்து பைபிள்ல வர்ற காணாமப்போன ஆட்டுக்குட்டி கதைய ஆரம்பிச்சாரு. ஒரு அம்மா எழுந்தாங்க. சத்தம் போடல. பொண்ணோட ஜாக்கெட்ட எடுத்து, கையில பெயிண்ட் காயாம இருந்துச்சு, அப்படியே ஸ்லீவுக்குள்ள கைய விட்டு மாட்டிவிட்டாங்க, வாசல்கிட்ட நின்னு என்னப் பாத்து "இது என்னன்னு முதல்லயே சொல்லியிருக்கணும்"னு ஒரே வரி. போயிட்டாங்க. பின்னாடியே இன்னும் ரெண்டு அம்மா கெளம்பிட்டாங்க. ஆரஞ்சு கலர் கை அச்சு ஒண்ணு கதவுல அப்படியே இருக்கு, தொடைக்க மனசு வரல.

இன்னொரு பக்கம் ஊர்ல எங்கள ஜெபத்தோட அனுப்பின சபைல இருந்து மாசாமாசம் வாட்ஸப் வரும், "இந்த மாசம் எத்தனை ஆத்துமா?"ன்னு. நான் என்னத்த எழுதறது, பூஜ்யம்னா? ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் படிச்ச ஊரு இது, அவரு 1706ல தரங்கம்பாடி வந்த கதைய சண்டே ஸ்கூல்ல கேட்டு வளர்ந்தவ நான், தமிழ் எழுத்தையே இங்க தான் அச்சு வார்த்து கப்பல்ல அனுப்பினாங்க, 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல வந்துச்சு. அந்த ஊர்ல இன்னைக்கு என்னால ஒரு பக்கத்து வீட்டுக்காரங்கள காபிக்கு கூப்பிட முடியல.

இதே மாதிரி இடத்துல இருந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. ஜெபம் பண்ணுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், பண்ணிட்டு தான் இருக்கோம்.

---

லைப்சிக்_நாத்திகன்

வணக்கம்ங்க. நான் சாமி கும்பிடற ஆள் இல்ல, அதனால பதில் போடலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என் மனைவி இந்தப் பக்கத்துல பொறந்தவங்க, பதினோரு வருஷமா இங்க மருமகனா இருக்கேன், ஜாக்கெட்ட மாட்டிட்டு போன அந்த அம்மா தரப்புல இருந்து கொஞ்சம் சொல்றேன், கோச்சுக்காதீங்க.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, நம்ம ஊர்ல நாத்திகம்னா ஒரு கட்சி மாதிரி, பெரியார் படம், வாதம், மேடை, எதிர்ல யாராச்சும் இருக்கணும். இங்க அப்படி இல்ல. என் மாமியார் வீட்ல மூணு தலைமுறையா யாரும் சர்ச்சுக்கு போகல, கோவத்துல இல்ல, அந்தக் கேள்வியே அந்த வீட்டு சாப்பாட்டு மேசைக்கு வந்ததில்ல. நான் கல்யாணமான புதுசுல "நீங்க கிறிஸ்டியனா"ன்னு பக்கத்து வீட்டு ஆள்கிட்ட கேட்டேன், "இல்ல இல்ல, நான் சாதாரணமான ஆளு"ன்னு சொன்னாரு. கிண்டலே இல்ல, நெஜமாவே அப்படித்தான் சொன்னாரு. உங்க மாநிலம் சாக்சன்-அன்ஹால்ட்ல நூத்துக்கு எண்பது பேருக்கு மேல எந்த சர்ச்லயும் இல்லாதவங்க.

ரெண்டாவது, கிழக்கும் மேற்கும் ஒண்ணா சேர்ந்த 1990க்கு அப்புறம் இந்த மாதிரி பிளாக்குக்கு சிரிச்ச முகத்தோட வந்தவங்க யாரு தெரியுமா? இன்சூரன்ஸ் விக்கறவன், ஓட்டை கார் விக்கறவன், அப்புறம் ஃபேக்டரிய மூட வந்தவன். என் மாமனார் ஒரே வருஷத்துல மூணு பாலிசி எடுத்தாராம், ஒண்ணும் ஒதவல. அதனால "இலவசம்"ங்கற வார்த்தைய பாத்தா உங்க ஏரியா பெரியவங்களுக்கு வாய்ல எச்சில் ஊறாது, வயித்துல புளி தான் கரையும். இலவச கேக்குக்குள்ள வேற ஏதோ இருக்குன்னு நெனச்சாங்க, இருந்துச்சு தான?

பிள்ளைங்க விஷயம் இன்னும் மோசம். 2018ல கத்தோலிக்க பிஷப்மாரே வெளியிட்ட ஆய்வுல 1946ல இருந்து 2014 வரைக்கும் பாதிரியாருங்ககிட்ட பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைங்க 3,677 பேர்னு வந்துச்சு, அது கோப்புல சிக்கினது மட்டும். 2024 ஜனவரில புராட்டஸ்டண்ட் பக்கமும் ஒரு ஆய்வு வந்துச்சு. நீங்க வேற சபை, உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு உங்களுக்கு தெரியும், அந்த அம்மாவுக்கு எப்படி தெரியும்? பேர் போடாத ஒரு இடத்துல, சொல்லாம கொள்ளாம பிள்ளைக்கு மத போதனை. நானா இருந்தாலும் ஜாக்கெட்ட எடுத்திருப்பேன், ஒரு வரிக்கு பதிலா ஒன்பது வரி பேசியிருப்பேன்.

அப்புறம் அந்த சீகன்பால்க் கதைய தயவுசெஞ்சு "உங்க முன்னோருங்க எங்களுக்கு கொடுத்தத திருப்பி கொடுக்க வந்தோம்"னு சொல்லாதீங்க, என்கிட்ட ஒருத்தர் சொன்னாரு, கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கேக்கறவன் என்னமோ கடன்காரன் மாதிரி ஆயிடறான்.

---

விசுவாசி77

சகோதரி, சுவிசேஷத்தக் குறிச்சு வெக்கப்பட வேண்டாம். கேக், காபி எல்லாம் மனுஷ தந்திரம். மார்க்கெட்ல மைக் போட்டு தைரியமா பிரசங்கியுங்க, கேக்கறவன் கேக்கட்டும்.

---

எல்பே_மேகலா

விசுவாசி77 அண்ணே, நீங்க எந்த ஊர்ல இருந்து எழுதறீங்கன்னு தெரியல. இங்க மைக், ஸ்பீக்கர் வெச்சு பொது இடத்துல பேசணும்னா முதல்ல ஆபீஸ்ல அனுமதி வாங்கணும், அதக்கூட விடுங்க, வாங்கிரலாம். ஆனா ஒண்ணு பாதி சரியா சொல்லியிருக்கீங்க, வெக்கப்பட வேண்டாம்ங்கறது. ஜெனி பண்ண தப்பு அதுதான்னு நெனக்கிறேன், அதிகமா பேசினது இல்ல, ஒளிச்சு வெச்சது.

ஜெனிம்மா, நான் மாக்டபுர்க்ல ஒன்பது வருஷம், உங்கள மாதிரியே புது சபை, நாங்களும் இதே மாதிரி விழுந்து எழுந்தவங்க தான். எங்க நோட்டீஸ்ல இப்போ முதல் வரியே "நாங்க ஒரு சர்ச்"தான். கீழ எந்தக் கூட்டமைப்ப சேர்ந்தவங்க, யார் பொறுப்பு, அட்ரஸ் என்ன, நிகழ்ச்சில பைபிள் கதை உண்டா இல்லையா, எல்லாம் இருக்கும். பைபிள் கதை இல்லைன்னு போட்டா அன்னைக்கு நெஜமாவே இருக்காது, அதுல ஏமாத்து வேலையே கெடையாது. வர்றவங்க எண்ணிக்கை குறைஞ்சுச்சு, ஆனா வந்தவங்க பாதில போகல. ஜெர்மன்காரங்களுக்கு "எனக்கு இது வேணாம்"னு சொல்ல சந்தர்ப்பம் கொடுத்துட்டா அப்புறம் நிம்மதியா உக்காருவாங்க, கதவு எங்க இருக்குன்னு தெரிஞ்ச வீட்ல பயம் இல்லாம இருக்கற மாதிரி.

அடுத்து, நீங்க எல்லாத்தையும் கொடுத்துட்டே இருக்கீங்க. காபி கொடுக்கறோம், கேக் கொடுக்கறோம், பெயிண்ட் கொடுக்கறோம். வாங்கறவங்க நெலமையில இருந்து யோசிச்சு பாருங்க. நாங்களும் ரெண்டு வருஷம் இப்படியே பண்ணோம், ஒரு ஈ காக்கா வரல. அப்புறம் ஒரு நாள் தற்செயலா நடந்துச்சு. எங்க ஹாலுக்கு அலமாரி மாட்டணும், வீட்டுக்காரர் ட்ரில் எடுத்து சொவத்துல வெச்சா உள்ளயே போகல, அந்த பிளாக் கான்கிரீட் அப்படி, நாலு பிட் முறிஞ்சுச்சு. மேல மூணாவது மாடில ஒரு தாத்தா, எங்களப் பாத்தா முகத்த திருப்பிக்கறவரு, சத்தம் தாங்காம கீழ வந்தாரு. திட்ட தான் வந்தாரு. வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அந்த மிஷின வெச்சு இந்த வீட்டுக்கு ஓட்டை போட முடியாது"ன்னு சொல்லிட்டு மேல போய் ஒரு பழைய இரும்பு டப்பா மாதிரி ஹேமர் ட்ரில் எடுத்துட்டு வந்தாரு. எட்டு ஓட்டை, பதினஞ்சு நிமிஷம். போட்டுகிட்டே சொல்றாரு, இந்த மாதிரி பிளாக்க எழுபதுகள்ல கிரேன் வெச்சு ஏத்தினவங்கள்ல அவரும் ஒருத்தராம், எந்த எடத்துல கம்பி ஓடுதுன்னு கைய வெச்சு தடவி சொன்னாரு. நாங்க வாய பொளந்துட்டு நின்னோம். அன்னைக்கு முகம் திருப்பறது நின்னுச்சு. இப்போ எது ஒடஞ்சாலும் அவர்கிட்ட தான் போறோம், அவருக்கும் அது பிடிச்சிருக்கு. ஆராதனைக்கு வந்தாரான்னா இல்ல. கிறிஸ்துமஸ் ஈவ் அன்னைக்கு கடைசி வரிசைல கோட்ட கழட்டாமலே உக்காந்துட்டு போவாரு, அவ்ளோதான், ஏழு வருஷமா.

நாம பேசற பாஷையப் பத்தியும் சொல்லணும். பாரம், அறுவடை, ஆத்தும ஆதாயம், இதெல்லாம் நமக்குள்ள பேசறப்போ இனிப்பா இருக்கும். எங்க டீம்ல ஒரு தம்பி நோட்டீஸ் டிசைன் பண்ணப்போ "அறுவடை"ங்கற அர்த்தத்துல ஒரு கோதுமை படம் போட்டான், அந்த தாத்தா பாத்துட்டு "பேக்கரி தொறக்கறீங்களா"ன்னு கேட்டாரு.

ஊர் சபை வாட்ஸப்புக்கு ஒரு வழி சொல்றேன், எனக்கு ஒதவினது. எண்ணிக்கை எழுதறத நிறுத்திட்டு பேரும் ஊரும் இல்லாம ஒரு சம்பவம் மட்டும் எழுத ஆரம்பிச்சேன். "இந்த மாசம் மூணாவது மாடி தாத்தா ட்ரில் கொண்டு வந்தார், அவர் முழங்காலுக்கு ஜெபியுங்கள்." முதல்ல கொஞ்ச பேர் முணுமுணுத்தாங்க. இப்போ ஊர்ல இருக்கற பாட்டிங்க போன் பண்ணி அந்த முழங்கால விசாரிக்கறாங்க.

---

லைப்சிக்_நாத்திகன்

மேகலா அக்கா, "அறுவடை"ய நீங்களே சொன்னது நல்லது, நான் கேக்கணும்னு நெனச்சேன். வெளில இருந்து கேட்டா நாங்கெல்லாம் பயிரு, நீங்க அரிவாளோட வர்றீங்கன்னு கேக்குது 🙂 ட்ரில் தாத்தாவுக்கு என் வணக்கம்.

---

நெக்கார்_செல்வின்

எல்லாரும் மனசு பத்தி எழுதிட்டீங்க, நான் பேப்பர் பத்தி எழுதறேன், ஸ்டுட்கார்ட்ல எங்க சபைக்கு பேப்பர் வேலை பாக்கறவன் நான் தான். ஜெனி, உங்க சபை ஃபெராய்னா (சங்கமா) பதிவு பண்ணியாச்சா? இல்லைன்னா பண்ணிருங்க, குறைஞ்சது ஏழு பேர் வேணும், சட்டதிட்டம் எழுதி, நோட்டரிகிட்ட கையெழுத்த உறுதி பண்ணி, கோர்ட் பதிவேட்டுல ஏத்தணும். அப்புறம் ஃபினான்ஸ்அம்ட்ல (வரி ஆபீஸ்) பொதுநல அமைப்புன்னு அங்கீகாரம். "நீங்க ஸெக்டெயா?"ன்னு, அதாவது ஏதாச்சும் மர்ம மதக் குழுவான்னு கேப்பாங்க, கட்டாயம் கேப்பாங்க, கோவப்படாதீங்க, பதிவு இருக்கு, கணக்கு இருக்கு, இந்தக் கூட்டமைப்புல இருக்கோம்னு காட்டற மாதிரி ஒரு பக்கம் வெப்சைட்ல வெச்சிருங்க. பெர்லின்ல புராட்டஸ்டண்ட் சபைங்களோட ஒரு மையம் இருக்கு, புது மதக் குழுக்கள பத்தி தகவல் கொடுக்கறதே அவங்க வேலை, ஜனங்க அங்க போன் பண்ணி விசாரிப்பாங்க. விசாரிக்கட்டுமே.

பிள்ளைங்க வேலைல இருக்கற ஒவ்வொருத்தரும் போலீஸ் நன்னடத்தை சான்றிதழ் எடுக்கணும், சாதாரணமானது இல்ல, பிள்ளைங்களோட வேலை செய்யறவங்களுக்குன்னு விரிவானது ஒண்ணு இருக்கு, வாலண்டியருக்கு ஃபீஸ் கெடையாது. எடுத்துட்டு, எடுத்திருக்கோம்னு சொவத்துல ஒட்டுங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம். ஊர் சபைக்கு அனுப்ப பிள்ளைங்க படம் எடுக்கற பழக்கம் நம்மாளுங்ககிட்ட இருக்கு, அத இன்னைக்கே நிறுத்துங்க.

அந்த பூக்கடைய கூட்டம் நடத்தற இடமா மாத்த கட்டட ஆபீஸ்ல அனுமதி வாங்கினீங்களா? வீட்டுக்காரன் சரின்னு சொன்னது போதாது. ட்ரம்ஸ் இருந்தா அந்த பிளாக்ல ஆறு மாடிக்கும் கேக்கும், ஞாயிறு இங்க ஓய்வு நாள், சட்டப்படியே. ட்ரம்ஸுக்கு பதிலா கையால தட்டற கேஹோன் பொட்டி ஒண்ணு வாங்குங்க. "விளம்பரம் வேண்டாம்"னு ஸ்டிக்கர் ஒட்டின தபால் பெட்டில நோட்டீஸ் போடாதீங்க, ஒருத்தர் விடாம ஞாபகம் வெச்சுப்பாங்க.

முக்கியமானது ஒண்ணு, சர்ச்சுக்கு வந்தா சம்பளத்துல வரி புடிப்பாங்கன்னு பயம் இங்க நெறைய பேருக்கு. சர்ச் வரி பெரிய ரெண்டு சபைக்கும் இன்னும் சிலதுக்கும் தான், வருமான வரில 9 சதவீதம், எங்க பக்கமும் பவேரியாலயும் 8. நம்மள மாதிரி சுயாதீன சபைங்க காணிக்கைல ஓடுது, உள்ள வந்து உக்காந்தா யாரும் எதையும் புடிக்கமாட்டாங்க. இத நோட்டீஸ்ல ஒரு வரியா போடுங்க. (நம்ம பசங்களுக்கும், இங்க வந்து எறங்கி அட்ரஸ் பதியறப்போ மதம்னு இருக்கற கட்டத்துல பக்தியா ஒண்ணு எழுதிட்டு, முதல் சம்பள சீட்ட பாத்து அலறாதீங்க.)

---

ரூர்_மாமா

பிள்ளை ஜெனி, நான் 84ல அகதியா வந்தனான், இப்ப பேரப்பிள்ளையளும் கண்டாச்சு. நான் சைவக்காரன், மனிசி வேதக்காரி, அதால ரெண்டு பக்கமும் தெரியும்.

நீங்கள் இப்ப படுற பாட்டை நாங்கள் கோயிலோட பட்டனாங்கள். ஹம் நகரத்தில அம்மன் கோயில் 1989ல ஒரு வீட்டு நிலவறையில தான் தொடங்கினது. சின்ன இடம், பூசை மணி, பேந்து 93ல தேர்த் திருவிழா வெளிக்கிட்டுது, சனம் எல்லா இடத்தில இருந்தும் கார் பிடிச்சு வந்திட்டுது. பக்கத்து வீட்டு டொச்சுக்காரருக்கு (ஜெர்மன்காரருக்கு) எப்பிடி இருந்திருக்கும் எண்டு இப்ப யோசிச்சா விளங்குது, அப்ப விளங்கேல்ல. கார் நிப்பாட்ட இடமில்லை, சத்தம், மலசலகூடம் காணாது. முறைப்பாடு போச்சுது. எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் "இனவாதம்" எண்டு கத்தினவை, கொஞ்சம் அதுவும் இருந்தது தான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா முழுக்க அது இல்லை. கடைசியா நகரசபையோட கதைச்சு ஊண்ட்ரொப் எண்ட இடத்தில, தொழிற்சாலையள் இருக்கிற பக்கம் காணி எடுத்து, 2002ல கும்பாபிஷேகம் நடந்தது. இப்ப தேருக்கு வாற சனத்தில வெள்ளைக்காரரும் கன பேர், செருப்பைக் கழட்டிப்போட்டு வடிவா நிண்டு பாப்பினம்.

நான் ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, எங்களை அவை நம்பத் தொடங்கினது கோபுரத்தைப் பாத்து இல்லை. எங்கட ஆக்கள் கூட்டத்தில போய் இருந்து, எத்தினை பேர் வருவினம், எத்தினை மணிக்கு முடியும், குப்பையை ஆர் அள்ளுறது எண்டு சொல்லி, சொன்ன மாதிரி அள்ளினது தான். சொன்ன நேரத்துக்கு முடிச்சியள் எண்டா டொச்சுக்காரன் உங்களை அரைவாசி சொந்தக்காரனாக்கிப் போடுவான்.

மனிசி ஒவ்வொரு ஆவணியும் கெவெலார் மாதா கோயிலுக்கு போவா, தமிழ்ச் சனம் அந்த நாள் சின்ன ஊரை நிறைச்சுப் போடும், பொட்டு வைச்ச சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்துவினம். ஒருக்கா அங்க ஒரு கடைக்கார டொச்சு மனிசி எங்களிட்ட கேட்டா, "நீங்கள் எல்லாரும் கத்தோலிக்கரோ?" எண்டு. என்ர மனிசி "இல்லை, ஆனா எல்லாருக்கும் அம்மா வேணும் தானே" எண்டா. அவ சிரிச்சுப்போட்டு தண்ணிப் போத்தல் ரெண்டு காசில்லாமல் தந்தவ. இது உங்கட கேள்விக்கு சம்பந்தமோ தெரியேல்லை, ஞாபகம் வந்தது, எழுதிப்போட்டன்.

அந்தத் தாயிட்ட போய் மன்னிப்புக் கேளுங்கோ. கேக் கொண்டு போகாதேங்கோ. வெறுங்கையோட போங்கோ.

---

ஜெனி_ஹாலே

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் வீட்டுக்காரர்கிட்ட சத்தமா படிச்சு காட்டினேன், மேகலா அக்கா எழுதினத டீம்ல ஜெர்மன்ல சொன்னேன், பேக்கரி கதைக்கு எங்க பாஸ்டர் ரொம்ப நேரம் சிரிச்சாரு, அப்புறம் கொஞ்சம் அமைதியாயிட்டாரு, ஏன்னா எங்க நோட்டீஸ்லயும் கோதுமை இருக்கு.

செல்வின் அண்ணா, ஃபெராய்ன் இருக்கு, நன்னடத்தை சான்றிதழ் நாலு பேருக்கு இருக்கு, மீதிப் பேருக்கு இந்த வாரம் அப்பாயிண்ட்மெண்ட் போட்டாச்சு, கட்டட அனுமதி... அது பத்தி பாஸ்டர் தலைய சொரிஞ்சாரு, விசாரிக்கறாரு.

ரூர் மாமா சொன்ன மாதிரி வெறுங்கையோட போனேன். அந்த அம்மா எந்த வீடுன்னு எனக்கு தெரியாது, நாலு நாள் கழிச்சு ட்ராம் ஸ்டாப்ல தான் பாத்தேன், கால் நடுங்குச்சு, நைட் ஷிஃப்ட் முடிச்ச முகம் வேற. "நீங்க சொன்னது சரி, நாங்க சர்ச்னு எழுதியிருக்கணும், எழுதாம விட்டது தெரிஞ்சு பண்ணது, மன்னிச்சிருங்க"ன்னு சொன்னேன். ஜெர்மன்ல கிராமர் எல்லாம் எங்கயோ போச்சு. அவங்க என்னய ஒரு மாதிரி பாத்தாங்க, "தெரிஞ்சு பண்ணதா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். ட்ராம் வந்துச்சு, அவங்க ஏறல. அடுத்த ட்ராம் வரைக்கும் பேசினாங்க.

அவங்க அப்பாவோட கதை. சின்ன வயசுல சர்ச் இளைஞர் குழுல இருந்தவராம், யூகெண்ட்வையேன்னு கிழக்கு ஜெர்மனில சர்ச் சடங்குக்கு பதிலா ஒரு சடங்கு, பதினாலு வயசுல எல்லாரும் எடுக்கற அந்த உறுதிமொழிய எடுக்கமாட்டேன்னுட்டாராம், அதனால மேல படிக்க விடல, டாக்டராகணும்னு ஆசைப்பட்டவரு லொய்னால பைப் ஃபிட்டரா போனாரு. அப்புறம் அந்த சர்ச்லயே ஒருத்தர் இவங்கள பத்தி அரசாங்கத்துக்கு எழுதி கொடுத்துட்டு இருந்தாருன்னு 90க்கு அப்புறம் ரகசிய போலீஸ் கோப்ப தொறந்தப்போ தெரிஞ்சுச்சாம். அதோட அப்பா அந்தப் பக்கமே போகல. "எங்க வீட்ல சர்ச்னா கடவுள் இல்ல, யாரு உண்மைய சொல்றாங்கங்கற பிரச்சினை"ன்னு சொன்னாங்க. எனக்கு பேச்சே வரல. நாங்க என்னமோ இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சு ஆட்டுக்குட்டி பொம்மைய எடுத்துட்டு போயிருக்கோம்.

நாத்திகன் சார், நீங்க சொன்ன "கேள்வியே வரல"ங்கறது இந்த வீட்டுக்கு பொருந்தலைன்னு நெனக்கிறேன், இங்க கேள்வி வந்து அடி வாங்கியிருக்கு. ஆனா இலவசம் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு.

இன்னும் ஒண்ணு. நான் எந்த ஊருன்னு கேட்டாங்க, தமிழ்னு சொன்னேன், "எங்க ஸ்கூல்ல பிராங்கே மியூசியத்துக்கு கூட்டிட்டு போவாங்க, அங்க பனை ஓலைல எழுதினது இருக்கே, அந்த பாஷையா?"ன்னு கேட்டாங்க! ஆமான்னதும் பொண்ணு உடனே "உனக்கு படிக்க தெரியுமா?"ன்னா. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு மூணு பேரும் போனோம். மியூசியம் இருக்கற அந்த பழைய அனாதை இல்லத்து மாடில பழைய அலமாரிங்களுக்கு நடுவுல நின்னு கண்ணாடிக்குள்ள எட்டிப் பாத்தேன், உண்மைய சொல்றேன், பாதி எழுத்து புரியல, ஓலைல புள்ளி வெக்கமாட்டாங்க, வரி எங்க முடியுதுன்னே தெரியல. அந்த பொண்ணுக்கு ஒரே ஏமாத்தம், "உன் பாஷை தான?"ன்னா. அப்புறம் ஒரு வார்த்தை புடிபட்டுச்சு, "மரம்", வெரல வெச்சு காட்டினேன், அவ நோட்ல வரைஞ்சுகிட்டா. மிஷனரி கதை எதுவும் நான் சொல்லல. அந்த அம்மாவே தான் போர்டுல இருந்தத படிச்சாங்க, "இங்க இருந்து அங்க போய் உங்க பாஷைய கத்துக்கிட்டாங்களா? முதல்ல அதையா பண்ணாங்க?"ன்னு.

இப்போ எனக்கு வேற ஒரு கேள்வி. அவங்க அக்கா பையனுக்கு வர்ற வசந்தத்துல யூகெண்ட்வையே. எங்கள கூப்பிட்டிருக்காங்க. ஊர் சபைல கேட்டா "அது கம்யூனிஸ்ட் சடங்கு, போகாத"ங்கறாங்க. போலாமா?

---

எல்பே_மேகலா

போ. நாலு தடவ போயிருக்கேன். இப்போ அதுல அரசாங்க உறுதிமொழி எல்லாம் கெடையாது, மேடைல பேரக் கூப்பிடுவாங்க, பூ கொடுப்பாங்க, ஒருத்தர் பேசுவாரு, அப்புறம் குடும்பத்தோட சாப்பாடு. நம்ம ஊர்ல திடப்படுத்தல் முடிஞ்சா சொந்தக்காரங்க எல்லாம் வந்து நிப்பாங்க இல்ல, அது மாதிரி. கூப்பிடறாங்கன்னா சும்மா இல்ல, அன்னைக்கு சொந்தக்காரங்கள தான் கூப்பிடுவாங்க. ஆனா அந்த அம்மாவோட அப்பா வந்திருந்தா அவருக்கு அந்த நாள் எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ, பக்கத்துல போய் உக்காரு.

---

லைப்சிக்_நாத்திகன்

ஒரு வீடு எனக்கு தெரிஞ்சத வெச்சு எல்லா வீட்டையும் சொல்லிட்டேன், தப்பு தான் ஜெனி. யூகெண்ட்வையேக்கு கவர்ல பணம் வெச்சு ஒரு கார்டு கொடுங்க, அதான் இங்க வழக்கம்.

---

நெக்கார்_செல்வின்

கார்டுல வசனம் எழுதிராதீங்க.

---

ஜெனி_ஹாலே

அய்யோ, எழுதி வெச்சுட்டேனே 😅 சரி, வேற கார்டு வாங்கறேன்.

கதவுல இருந்த ஆரஞ்சு கைய தொடைக்கல, அந்த பொண்ணு நேத்து ஸ்கூல் விட்டு போறப்போ நின்னு தன் கைய வெச்சு அளந்து பாத்துட்டு போனா.